பையோடு போன மூன்று வாக்குகள்

ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் 2017 ஜூனில் பாரிசுக்குப் போனேன். கூடவே மூன்று பேருடைய வாக்கையும் கொண்டுபோய்விட்டேன். வயதுபோன மனிதர், மறந்துபோனார் என்று வீட்டில் சொல்லி முடித்துவிட்டார்கள். மறதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு மறதி என்று பெயர் இல்லை.

சான்றிதழ் யோகனுடையது. யோகன் இறந்துபோன என் மனைவியின் தம்பி. இருபத்தெட்டு வருடமாகப் பிரான்சில் இருக்கிறான். ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் தட்டுக் கழுவத் தொடங்கி, இப்போது அங்கே வெங்காய சூப் வைக்கிற ஆள் அவன்தான். பத்து வருட வதிவிட அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே கிழவனாகிவிட்டான். ஒருமுறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தான். பிரெஞ்சு போதாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறைக்கு மூலச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது லண்டனில், என் மனைவியின் பெட்டிக்குள் கிடந்தது. "தபாலிலை அனுப்பவேண்டாம் அத்தான், கையிலை கொண்டுவாங்கோ" என்றான்.

அங்கேதான் பை வருகிறது. எங்கள் ஆட்களில் என் வயதுக்காரர் எவருடைய வீட்டுக்குப் போனாலும் அப்படி ஒரு பையைக் காணலாம். கடவுச்சீட்டுகள், பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பத்திரங்கள், எல்லாம் அதற்குள் இருக்கும். ஊரில் ஷெல் விழத் தொடங்கினால் சோற்றுப் பானையை விட்டுவிட்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லண்டனில் ஷெல் விழுவதில்லை. ஆனாலும் வீட்டை விட்டு ஒரு கிழமைக்கு வெளிக்கிட்டால் பையும் என்னோடு வரும். வீட்டில் யாருக்கு முக்கியமான கடிதம் வந்தாலும் அதை வாங்கிப் பைக்குள் வைப்பது என் வேலை. அப்படி யாரும் எனக்குத் தரவில்லை. நானே எடுத்துக்கொண்ட வேலை.

மகனும் மருமகளும் முறைவேலை செய்கிறவர்கள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் தபால் வாக்கு. வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். விரும்பியவருடைய பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டு, சிறிய உறைக்குள் வைத்து ஒட்டி, பிறந்த தேதியும் கையெழுத்தும் வைத்த தாளோடு பெரிய உறைக்குள் வைத்து அனுப்பவேண்டும். பேத்தி ஆரபிக்கு அந்த ஏப்ரலில்தான் பதினெட்டு முடிந்திருந்தது. முதல் வாக்கு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். யாருக்கு என்று கேட்டேன். "அது ரகசியம், அப்பப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் என்னிடம் மறைக்க ஒரு தாள் அதுவரை இருந்ததில்லை.

மூன்று உறைகளையும் நானே தபாலில் சேர்க்கிறேன் என்று வாங்கிப் பைக்குள் வைத்தேன். நாலாவது என்னுடையது. அதைப் பிரிக்காமலே குப்பைக்குள் எறிந்திருந்தேன். திங்கட்கிழமை காலை வாசலில் ஆரபி கேட்டாள்: "தபாலிலை சேர்த்திட்டீங்களா?" போகிற வழியில் சேர்க்கலாம் என்ற நினைப்பில் "ஓம்" என்றேன்.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இறங்கியதும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் பிறகு. லண்டனில் எங்கள் கடைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இங்கே எல்லாம் ஒரு ரயில் நிலையத்தின் முதுகில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. யோகன் வந்து கூட்டிக்கொண்டு போய் ஆட்டிறைச்சி ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்கித் தந்தான். ரோலில் மிளகு தூக்கல். லண்டன் ரோல்ஸ் இப்படி உறைப்பதில்லை. அங்கே வெள்ளைக்காரனும் வாங்குகிறான் என்று பயந்து பயந்து போடுகிறார்கள். பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் அவனுடைய வீடு. அவன் மனைவி, தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்க லெ பிளாங்-மெனிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் மகள் நிலானியும்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தகப்பன் தமிழில் கேட்பான், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சான்றிதழை மொழிபெயர்க்க ரூ பஜோலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒருவரிடம் போனோம். நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். புதுச்சேரிக்காரர், முழுக்க நரைத்தவர், மேசை நிறைய ரப்பர் முத்திரைகள். சான்றிதழை எடுக்க நான் பையைக் கவிழ்த்தேன். மூன்று உறைகளும் அவருடைய மேசையில் விழுந்தன.

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இதுக்கும் தம்போன் குத்தணுமா, மெசியே?" என்று முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

யோகன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். "அத்தான், இது வோட்டெல்லே? உங்கடை எலெக்சன் எப்ப?"

"வியாழக்கிழமை."

"பிறகேன் இது இஞ்சை நிக்குது?"

நான் மூன்றையும் பொறுக்கிப் பைக்குள் திணித்தேன். 

அங்கிருந்து தேநீர்க் கடைக்குப் போனோம். யோகன் அந்தக் கதையை விடவில்லை. "இப்பவே போன் எடுங்கோ. பிள்ளைக்குச் சொல்லுங்கோ." பக்கத்து மேசையில் பாண் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லண்டன்காரருக்கு வோட்டு மிஞ்சிப்போச்சு போலை. விக்கக் கொண்டந்திருக்கிறார். என்ன விலை அண்ணை?" கடை முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது. நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன். சிரித்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன். பிரித்தானியாவைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள், ஒரு துண்டுக்கு ஓர் ஆசனம். அந்தத் துண்டில் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்குக் கூட எடுத்தால் போதும், வெற்றி. பாதிக்கு மேல் எடுக்கத் தேவையில்லை. நூறில் முப்பத்தைந்து வாக்கு எடுத்தவர், மற்ற அறுபத்தைந்தும் பிரிந்து விழுந்தால் வென்றுவிடலாம். தோற்றவர்களுக்கு விழுந்த வாக்கு எங்கேயும் போய்ச் சேராது, அப்படியே செத்துவிடும். வென்றவருக்கு மேலதிகமாக விழுந்ததும் செத்த வாக்குத்தான். எங்கள் தொகுதியில் நான் வந்த நாளிலிருந்து ஒரே கட்சிதான். அங்கே மூன்று உறை போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

"உங்கடை கணக்கு சரி" என்றான் யோகன். "ஆனா அந்த மூண்டும் உங்கடை வோட்டு இல்லையே."

பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நாட்டிலை உங்கடை வோட்டை ஆரோ போட்டிட்டாங்கள் எண்டு நாப்பது வருசமாச் சொல்லுறியள். அக்கா சாகும்வரைக்கும் அந்தக் கதை கேட்டா. இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?"

அந்தக் கதை உண்மை. இளம் ஆசிரியனாக, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போனேன். மேசையில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்கள் காலமையே போட்டாச்சு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் இனி இந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பிறகு நாட்டில் போடாதே என்று மிரட்டும் காலமும் வந்தது. என் முடிவுக்குக் கொள்கை என்று பெயர் வைக்க அது வசதியாகிப்போனது. லண்டனில் மிரட்ட யாரும் இல்லை. பொதுநலவாய நாட்டவன் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்த எனக்கு முதல் வருடமே வாக்குரிமை தந்தார்கள். நான் ஒருமுறைகூடப் போடவில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லித் திரிந்தேன்.

யோகனுக்கு இது அன்றுவரை தெரியாது. சொன்னதும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான். "முதல் வருசமேயோ? உங்களுக்கோ? நான் இஞ்சை இருபத்தெட்டு வருசமா இவங்கடை தட்டுக் கழுவி, வரி கட்டி, நகரசபைக்கு எண்டாலும் ஒரு வோட்டுக் கிடைக்காதோ எண்டு அலையிறன்."  ஆர்ஜொந்தெய் வரை ரயிலில் யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான்.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது. தபால் வாக்குப் பொதியோடு ஒரு விளக்கத்தாள் வரும். கையில் கிடைக்கும் அச்சுத் தாளையெல்லாம் கடைசி வரி வரை வாசிப்பது ஆசிரியத் தொழில் தந்த வியாதி. மகனுடைய பொதியில் வந்ததை வாங்கி வாசித்திருந்தேன். வாக்குச்சீட்டுத் தொலைந்துபோனால், தேர்தல் நாள் மாலை ஐந்து மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போய் வேறொன்று வாங்கலாம். நான் ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் போதும். ஆரபி பேருந்து ஏறிப் போயிருப்பாள். செவ்வாய்க்கிழமை இருந்தது. புதன்கிழமை இருந்தது. வியாழன் மாலை ஐந்து மணி வரை இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் "ஓம்" என்று சொன்னது பொய்யாகும். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் பிழை என்று சொல்ல எழுபத்தாறு வயதுக்காரனுக்கு நாக்கு எழவில்லை. காரணம் அவ்வளவுதான். கணிதமும் இல்லை, கொள்கையும் இல்லை.

புதன்கிழமை யோகனுக்குக் குடியுரிமை அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த இளம்பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். யோகன் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். காலில் கலியாணத்துக்குப் போகிற சப்பாத்து. ஏன் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டாள்; பேசியதை யோகன் பிறகு எனக்குத் தமிழில் சொன்னான். வீட்டில் நிலானி ஒரு நீளமான பதிலைப் பாடமாக்கிக் கொடுத்திருந்தாள். அவன் அதை மறந்துபோனான். நின்று யோசித்துவிட்டு உடைந்த பிரெஞ்சில், "மகள் வாக்குப் போடப் போகிறபோது நான் வாசலில் நிற்கிறேன். உள்ளே போகவேண்டும்" என்றான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். விண்ணப்பக் கோவையை வாங்கிக்கொண்டாள். பதில் வர மாதங்கள் ஆகும் என்றாள்.

பக்கத்துக் கதிரையில் நான், மடியில் பையோடு இருந்தேன்.

அன்று பின்னேரம் யோகன் மீன்குழம்பு வைத்தான். நான் அறையில் தனியாக இருந்து ஆரபியின் உறையை எடுத்து யன்னலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். உள்ளே இன்னோர் உறை இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பினால் கதவடியில் யோகன், கையில் அகப்பையோடு.

"சாப்பிட வாங்கோ" என்றான். அகப்பையால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை மனம் மாறியது போல ஒரு நாடகம் ஆடினேன். உறைகளை வாக்குச் சாவடியில் நேரில் கொடுத்தாலும் எடுப்பார்கள்; இரவு பத்து மணி வரை நேரம் உண்டு. லண்டனுக்குத் திரும்பிவிடுகிறேன் என்று வெளிக்கிட்டேன். யோகன் வேலைக்குப் போகும் வழியில் ரயிலேற்றிவிட்டான். பாரிசில் சென் லசார் நிலையத்துக்குப் போகும் ரயில் நடுவழியில் நின்றது. முன்பெட்டியில் யாரோ மயங்கிவிட்டார் என்று அறிவிக்கிறார்கள் என்றார், எதிரில் இருந்த தமிழ் வேலையாள் ஒருவர். ஜூன் வெயில். பெட்டிக்குள் ஒரு பெண் தன் பிள்ளையைக் கடிதத் தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த வேலையாள், "மயங்கினவனுக்கு என்ன, அவன் படுத்திருக்கிறான். நாங்கள்தான் நிற்கிறோம்" என்று முணுமுணுத்தார். முக்கால் மணித்தியாலத்தில் ரயில் மறுபடியும் ஓடியது.

நான் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க மேடையில் ஆர்ஜொந்தெய்க்குத் திரும்பும் ரயிலில் ஏறினேன். ரயில் தாமதமாகிவிட்டது, போய்ச் சேரமுடியாது என்று நிலானியிடம் சொன்னேன். அது பச்சைப் பொய். அன்றைக்கு லண்டனுக்கு இன்னும் எத்தனையோ ரயில்கள் இருந்தன. அவள் தன் தொலைபேசியில் அந்த நேரங்களை எடுத்து, திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கேட்டதற்குத் தமிழில் சொன்னாள்: "மாமா, நீங்க போக விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ. ரயிலைச் சொல்லாதேங்கோ."

மாலை ஐந்து மணியாகும்போது மேசையில் என் தொலைபேசி கிடந்தது. கோப்பிப் போத்தலுக்கும் சீனிப் போத்தலுக்கும் நடுவில். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரெஞ்சு வானொலியே எங்கள் தேர்தலைப் பற்றித்தான் கத்தியது; யோகன் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. இளம் ஆட்கள் திரண்டு வந்து போட்டார்களாம். சில தொகுதிகளில் திரும்பத் திரும்ப எண்ணினார்களாம். ஒரு பெரிய குடும்பத்தின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்திவிடக்கூடிய அளவு வாக்கு வித்தியாசத்தில் ஆசனங்கள் கைமாறியிருந்தன. இப்படி ஏழெட்டுத் தொகுதி வேறுபக்கம் விழுந்திருந்தால் அரசாங்கமே வேறு. எங்கள் தொகுதியில் மட்டும் வழக்கம்போல அதே கட்சி, பெரிய வித்தியாசத்தில் என்று நிலானி தொலைபேசியில் தேடிச் சொன்னாள். என் கணக்குச் சரி. அதைக் கேட்டபோது நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அதிகம் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் தேர்தல், முதற்சுற்று. நிலானியோடு நாங்களும் நடந்தோம். அவர்களுடைய முறை வேறு. முதல் ஞாயிறு யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முன்னால் வந்தவர்களை மட்டும் வைத்து அடுத்த ஞாயிறு மறுபடியும் போடவேண்டும். "முதல் கிழமை பிடிச்ச ஆளுக்கு, ரெண்டாம் கிழமை பிடிக்காத ஆளை மறிக்க" என்றாள். பள்ளிக்கூட வாசலில் யோகன் நின்றுவிட்டான். வேடிக்கை பார்க்க உள்ளே போகலாம் என்று நிலானி சொல்லியும் வரவில்லை. "என்ரை பேர் இருக்கேக்கை வாறன்" என்றான். நான் மட்டும் போனேன்.

அங்கே புள்ளடி இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தாள். வேண்டியதை உறைக்குள் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் விடவேண்டும். நிலானி விட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் அவள் பெயரை வாசித்து, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வாக்களித்தார்!" என்று அறிவித்தார். ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் சொல்வார்களாம். இத்தனைக்கும் அன்று கூட்டம் இல்லை. பாதிப் பேர் வரவே இல்லை என்று பின்னேரச் செய்தியில் சொன்னார்கள். அந்த மனிதர் கூட்டமில்லை என்று குரலைக் குறைக்கவில்லை.

வெளியே வந்தபோது யோகன் மதிலோரம் நின்றபடி கேட்டான்: "சத்தம் கேட்டது. உன்ரை பேர்தானே?"

"ஓம் அப்பா" என்றாள் நிலானி. அந்தக் கிழமை தகப்பனுக்கு அவள் தமிழில் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். ஆரபி சாப்பாட்டு மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து மூன்று உறைகளையும் அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். விளக்கத்தாள், ஐந்து மணி, திரும்பி ஏறிய ரயில், எல்லாம். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எப்பிடியும் இஞ்சை வெல்லுறவைதானே வெண்டவை. நீயும் அவைக்குத்தானே போட்டிருப்பாய்" என்றும் சொன்னேன்.

அவள் தன் உறையை மட்டும் எடுத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான் வரும். அவள் சொன்னது இது: "யார் வென்றார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் போட்டேனா இல்லையா என்றுதான் கேட்கிறேன். ஊரில் உங்கள் வாக்கைப் போட்டவன்கூட அதைப் பெட்டிக்குள்தான் போட்டான்."

பிறகு தமிழில் கேட்டாள்: "திறந்து பாத்தீங்களா?"

"இல்லை. வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன். தெரியேல்லை."

அவள் அழவில்லை. கையை நீட்டிப் பையைக் கேட்டாள். கொடுத்தேன். அதற்குள்ளிருந்து தன் கடவுச்சீட்டை எடுத்தாள். பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். தடுப்பூசி அட்டை, முதலாம் வகுப்பில் நீச்சலுக்கு வாங்கிய பத்திரம், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தாள். அவசரப்படவில்லை. மகனும் மருமகளும் சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். 

"என்ரை பேப்பருகளை இனி நான் வச்சிருக்கிறன், அப்பப்பா" என்றாள்.

எல்லாவற்றையும் அடுக்கி, மேலே அந்த உறையை வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பையைப் பூட்டப் பார்த்தேன். முப்பது வருடமாக இழுத்துப் பிடித்தால்தான் பூட்டுப்படும் பை. அன்றைக்கு ஒரு விரலாலேயே பூட்டுப்பட்டது.